பழனி மலைகளின் எண்மிய நிழலாக்கம்

மலை நிழலாக்கம் என்பது ஒரு நிலப்பகுதியின் உயர அளவுகளைக் கொண்டு கணினியில் அமைக்கப்படும் முப்பரிமாண மாதிரிக்கு ஒளியும் நிழலும் ஏற்றும் முறையாகும். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரியும் பழனி மலைகள் இம்முறையின் பயனையும் குறைகளையும் ஒருங்கே காட்டுகின்றன. இம்மலைகளின் மிக உயர்ந்த சிகரம் வந்தரவு (2,533 மீட்டர்). கொடைக்கானல் நகரம் மேல்மலையின் தெற்கு விளிம்பில், செங்குத்தான சரிவுக்கு மேல் அமைந்துள்ளது.

கோடுகளின் காலம்

லெப்டினன்ட் பி. எஸ். வார்டு 1821இல் பழனி மலைகளில் ஏறி நில அளவை செய்தார். தட்டையான தாளில் மலையின் மேடுபள்ளத்தை எப்படிக் காட்டுவது என்பது அக்கால வரைபடக்காரர்களின் பெரிய சிக்கலாக இருந்தது. ஜெர்மானியரான யோகான் கியோர்க் லேமன் 1799இல் ஒரு முறையை வகுத்தார். சரிவின் திசையில் சிறு கோடுகள் இடப்பட்டன; சரிவு கூடக்கூடக் கோடுகள் தடித்தன. செங்குத்தான இடம் இதனால் கருமையாகத் தெரிந்தது. பின்னர் சமவுயரக் கோடுகள் வந்தன. அவை உயரத்தைத் துல்லியமாகக் கூறின. ஆனால் பழகாத கண்ணுக்கு மலையின் வடிவம் புலப்படவில்லை. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் இம்ஹோஃப் போன்றோர் கையால் நிழல் தீட்டி இக்குறையைப் போக்கினர்.

கணக்கான நிழல்

நிழலைக் கணக்கிட்டே பெறலாம் என்று 1960களில் பின்காஸ் யோலி காட்டினார். அடிப்படை எளியது. ஒரு சரிவு ஒளியை நேராக நோக்கினால் வெண்மை பெறும். விலகி நின்றால் மங்கும். பெர்ட்டோல்ட் ஹார்ன் 1981இல் வெளியிட்ட ஆய்வில் வரும் வாய்பாடு இன்றும் வழக்கில் உள்ளது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களின் உயரத்தைக் கொண்டு சரிவு கணிக்கப்படுகிறது.

இதற்கு வேண்டிய உயரத் தரவு விண்ணிலிருந்து கிடைத்தது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 60 மீட்டர் நீளக் கம்பத்தின் இரு முனைகளிலும் ரேடார் உணரிகளைக் கொண்டு 11 நாட்கள் புவியை அளந்தது. இந்தியாவின் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் 2005 மே 5 அன்று ஏவப்பட்டது. அது இரண்டு கேமராக்களால் ஒரே இடத்தை இரு கோணங்களில் படமெடுத்தது. ரேடாருக்கும் நிழல் உண்டு. செங்குத்தான சரிவுகளின் மறுபுறத்தில் தரவு விடுபட்டுப் போவதுண்டு. அடர்ந்த சோலைக்காடுகளில் அது தரையை விட மர உச்சியையே பெரிதும் அளக்கிறது.

ஒளி வரும் திசை

மரபுப்படி ஒளி வடமேற்கிலிருந்து, அடிவானத்துக்கு 45 பாகை உயரத்தில் வருவதாகக் கொள்ளப்படுகிறது. கொடைக்கானல் வானில் சூரியன் ஆண்டின் எந்த நாளிலும் அந்த இடத்தில் நிற்பதில்லை. ஆயினும் மேலிருந்து ஒளி வருவதாகவே மனிதக் கண் எதிர்பார்க்கிறது. மார்கழி, தை மாதங்களின் காலை நேரச் செயற்கைக்கோள் படத்தில் வெயில் தென்கிழக்கிலிருந்து விழும். அதை வடக்கு மேலாக வைத்துப் பார்த்தால் பள்ளத்தாக்கு முகடு போலவும், முகடு பள்ளம் போலவும் தோன்றும். மலைப் பகுதியில் இது சிறிய பிழையன்று.

மரபு முறைக்கும் ஒரு விலை உண்டு. வடமேற்கு ஒளியில் பழனி மலையின் தெற்குச் சரிவு முழுதும் இருளில் ஆழ்ந்து, ஓடைகளின் வெட்டுகள் மறைகின்றன. பல திசைகளிலிருந்து ஒளி தந்து கலக்கும் முறையை ராபர்ட் மார்க் 1992இல் ஹவாய்த் தீவின் படத்தில் கையாண்டார். அம்முறை இக்குறையைக் குறைக்கிறது.

விழும் நிழல்

மேற்கூறிய கணக்கு சரிவின் சாயலை மட்டுமே தருகிறது. ஒரு முகடு அடுத்த பள்ளத்தின் மீது வீசும் நிழலை அது அறியாது. அதற்கான வழி கணினி வரைகலையிலிருந்து வந்தது. 1977இல் ஃபிராங்க் குரோ நிழலின் கன அளவைக் கணிக்கும் முறையை முன்வைத்தார். 1978இல் லான்ஸ் வில்லியம்ஸ் மாற்று வழி கூறினார்: முதலில் விளக்கின் இடத்திலிருந்து காட்சியைப் பார்க்க வேண்டும், விளக்குக்குத் தெரியாத புள்ளிகள் எல்லாம் நிழலில் உள்ளவை.

கொடைக்கானல் 10 பாகை 14 கலை வட அகலாங்கில் உள்ளது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நேராக நட்ட கோலுக்கு நிழல் இராது. டிசம்பர் இறுதியின் நண்பகலில் 3 மீட்டர் கோலின் நிழல் ஏறத்தாழ 2 மீட்டர் நீளும். அக்குளிர்காலத்தில் பள்ளத்தாக்குகளில் உறைபனி படிவதுண்டு. முகட்டின் நிழல் நீங்கி எந்த வயலுக்கு எப்போது முதல் வெயில் வரும் என்பதை விழும் நிழலைக் கணிக்கும் மாதிரியே காட்ட முடியும்.

மூடுபனியில் விழும் நிழல் இன்னும் கடினமானது. 1872இல் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் முதுகுப்புறம் வெயிலும் எதிரே மேகமும் இருக்கும்போது, வண்ண வளையம் சூழத் தம் நிழலை மேகத்தில் காண்போர் உண்டு. அந்நிழல் ஒரு பரப்பில் விழுவதில்லை, நீர்த்துளிகளின் ஆழத்தினூடே நீள்கிறது. தரையின் உயரம் மட்டும் அறிந்த மாதிரியால் அதைத் தர இயலாது. காற்றிலுள்ள துளிகளையும் அது கணக்கில் கொள்ள வேண்டும்.