குன்நர் என்பவர் யார்?

மாரா, குன்நர், லிஃப்நர், புக்ரஸ்... ஏதோ ஜெர்மன் குடும்பத்து அண்ணன் தம்பி பெயர்கள் மாதிரி இருக்கிறதா? ஜெர்மன் என்பது வரைக்கும் சரி. ஆனால் ஆட்கள் இல்லை. டேட்டாபேஸுக்குள் இருக்கும் அட்டவணைகளின், கட்டங்களின் பெயர்கள். எஸ்.ஏ.பி. மென்பொருளில் புரோகிராம் எழுதுகிறவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார்.

1972-ல் ஐ.பி.எம்.மின் ஜெர்மன் கிளையை விட்டு வெளியே வந்த ஐந்து பேர் ஆரம்பித்த கம்பெனி அது. முதல் வாடிக்கையாளர், ஓஸ்ட்ரிங்கன் என்ற ஊரில் இருந்த ஐ.சி.ஐ.யின் நைலான் தொழிற்சாலை. எழுதினவர்கள் ஜெர்மானியர்கள். டேட்டாபேஸுக்குள்ளேயும் வீட்டு மொழியிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த மொழியில் வார்த்தைகள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீளும். முழுசாக எழுதிக்கொண்டிருக்க முடியுமா? வெட்டினார்கள். வாடிக்கையாளர் எண்ணான 'குண்டன்நும்மர்' சுருங்கி குன்நர் ஆயிற்று. சரக்கு எண் மாட்நர். சப்ளையர் எண் லிஃப்நர். 'பதிவு வட்டம்' என்று அர்த்தம் வரும் ஒரு நீளமான கணக்குப்பிள்ளை வார்த்தை, புக்ரஸ்!

1992-ல் ஆர்/3 வந்தது. உலகம் பூராவும் விற்றது. திரையில் தெரிகிற வார்த்தைகளையெல்லாம் ஊருக்கு ஊர் மொழிபெயர்த்தார்கள். உள்ளே இருந்த பெயர்களை மட்டும் தொடவில்லை. தொட முடியாது! தெருவின் பெயரை மாற்றினால் ஆட்டோக்காரர் பழைய பெயரைச் சொன்னாலும் கொண்டுபோய் விட்டுவிடுவார். கம்ப்யூட்டருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. குன்நர் என்று கூப்பிடும் புரோகிராம்கள் ஆயிரக்கணக்கில். அதில் பல, வாங்கின கம்பெனிகள் சொந்தமாக எழுதிக்கொண்டவை. பெயரை மாற்றினால் அத்தனையும் படுத்துவிடும்.

2015-ல் எஸ்/4 ஹானா என்று வீட்டையே இடித்துக் கட்டினார்கள். பல பழைய அட்டவணைகள் ஒதுக்கப்பட்டன. சரக்கு எண்ணின் நீளம் 18 எழுத்திலிருந்து 40-க்குப் போனது. பெயர்? அதே மாட்நர்தான்.

அதே ஆட்கள் வைத்த இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். வாங்கும் கம்பெனி தானாக ஓர் அட்டவணை சேர்த்தால், பெயர் இஸட் அல்லது ஒய் என்ற எழுத்தில்தான் தொடங்க வேண்டும். அந்த இரண்டு எழுத்தும் வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்த சொத்து. நாளைக்கே எஸ்.ஏ.பி. புதிதாக நூறு அட்டவணை கொண்டுவந்தாலும் இவர்களுடையதோடு மோதாது. சண்டை வருவதற்கு முன்பே போட்ட வேலி!

குன்நர் அன்றைக்கு வேலை ஆனால் போதும் என்று வைத்த பெயர். இஸட், நாளைக்கு வரப்போகிறவனை நினைத்து வைத்த விதி. இரண்டுமே நிலைத்துவிட்டன. ஆனால் முதலாவதை, ஜெர்மனியைப் படத்தில்கூடப் பார்க்காத ஒருவர் இன்றைக்கும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். நீங்கள் அடுத்த தடவை ஓர் அட்டவணைக்கு அவசரமாகப் பெயர் வைக்கும்போது, அந்த மனிதரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.