தொண்டை நோவில் தொடங்கும் இதய நோய்

சப்ரகமுவ மாகாணத்தில் காய்ச்சல் என்றதும் எலிக்காய்ச்சலும் டெங்குவுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மழையும் வயலும் மாணிக்கக் குழிகளும் இருக்கையில் இதில் வியப்பில்லை. தோட்டத்துச் சிறுவரின் தொண்டை நோவையோ எவரும் பெரிதாகக் கொள்வதில்லை. உப்பு நீரில் கொப்பளித்து, கொத்தமல்லி அவித்துக் கொடுத்தால் சில நாட்களில் அது தணிந்துவிடுகின்றது. தணிந்த பின்னரே சிலருக்கு ஆபத்து ஆரம்பமாகின்றது என்பதையே இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

தொண்டை நோவுகளில் பெரும்பாலானவை வைரஸ்களால் வருபவை. ஒரு பகுதி மட்டும் ஏ பிரிவு ஸ்ரெப்ரோகொக்கஸ் எனும் பக்றீரியாவால் ஏற்படுகின்றது. அக்கிருமியின் மேற்பரப்பிலுள்ள எம் புரதத்தை 1928இல் இனங்கண்டவர் ரெபேக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர். இப்புரதத்தின் சில கூறுகள் மனித இதயத் தசையிலுள்ள மையோசின் புரதத்தை ஒத்திருக்கின்றன. கிருமியை அழிக்க உடல் உருவாக்கும் நிர்ப்பீடனம், இந்த ஒற்றுமையால் தடுமாறி, சொந்த இதயத்தையே தாக்குகின்றது. தொற்று ஏற்பட்டு இரண்டு, மூன்று வாரங்களின் பின் இது ருமாட்டிக் காய்ச்சலாக வெளிப்படும். வாதக்காய்ச்சல் எனப்படுவதும் இதுவே. 5 முதல் 15 வயது வரையானோரே பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்.

இன்று முழங்காலில் வீக்கம், நாளை கணுக்காலில் நோவு என மூட்டுக்கு மூட்டு தாவுவது இதன் அடையாளம். வளரும் பிள்ளைக்கு வரும் கால் உளைச்சல் என்று எண்ணெய் தேய்த்து விட்டுவிடுவோரும் உளர். மூட்டு நோவு தடமின்றி மறைந்துவிடும். இதய வால்வில், குறிப்பாக மைட்ரல் வால்வில், ஏற்படும் தழும்போ மறைவதில்லை. ஒவ்வொரு மறுதாக்கமும் அதனை இறுக்கி, சுருக்கி, ஒழுகச் செய்கின்றது.

மேலை நாடுகளில் இந்நோய் பென்சிலின் வருவதற்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டது. வீடுகளில் நெரிசல் தணிந்தமை அதற்கு ஒரு முக்கிய காரணமாகக் கருதப்படுகின்றது. ஓர் அறையில் ஒரு குடும்பமே உறங்கும் லயங்கள் யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பலாங்கொடையிலும் இன்னும் உள்ளன. வீட்டுப் பிரச்சினையைக் காணிப் பிரச்சினையாக மட்டும் பேசிப் பழகிவிட்ட நாம், அது இதயப் பிரச்சினையும் ஆகும் என்பதை மறந்துவிடுகின்றோம்.

பழுதடைந்த வால்வுக்குச் சத்திரசிகிச்சை உண்டு. 1925இல் லண்டனில் ஹென்றி சூட்டார், இளம்பெண் ஒருத்தியின் இதயத்தினுள் விரலை விட்டு மைட்ரல் வால்வைச் சீர்செய்ய முயன்றார். அவள் உயிர் பிழைத்தாள். ஆயினும் இம்முறை 1948இலேயே அமெரிக்காவில் மீண்டும் கையாளப்பட்டது. பின்னர் ஜப்பானின் கான்ஜி இனோவே, 1982இல் நெஞ்சைத் திறக்காமல் பலூன் மூலம் வால்வை விரிக்கும் வழியைக் கண்டார். திருவனந்தபுரத்தில் உருவாக்கப்பட்ட சித்ரா செயற்கை வால்வு 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது.

ஆனால் உலோக வால்வு பொருத்தப்பட்டவர் ஆயுள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரை உட்கொண்டு, இரத்தத்தைத் தவறாது பரிசோதிக்க வேண்டும். அம்மாத்திரை கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியது. கொழுந்து பறிக்கும் ஓர் இளம் மனைவிக்கு இது எத்தகைய சுமை என்பதை விளக்க வேண்டியதில்லை. கொழும்புக்கும் கண்டிக்கும் போய்வரும் செலவு வேறு.

இத்தனைக்கும் மாற்று, மலிவான ஒரு மருந்தே. தொண்டை நோவு தொடங்கி 9 நாட்களுக்குள் பென்சிலின் சிகிச்சை ஆரம்பிக்கப்பட்டால் வாதக்காய்ச்சலைப் பெரும்பாலும் தடுக்கலாம். ஒருமுறை அது வந்துவிட்டால் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சதீன் பென்சிலின் ஊசி ஏற்ற வேண்டும். இதயம் பாதிக்கப்பட்டோருக்குக் குறைந்தது 10 ஆண்டுகள் இது தொடரும். வடக்கு உகண்டாவில், அறிகுறி எதுவுமின்றி ஸ்கேன் மூலம் மட்டுமே நோய் கண்டறியப்பட்ட 818 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வு இதன் பயனைக் காட்டியது. ஈராண்டுகளில் மாதாந்த ஊசி பெற்றோரில் 3 பேருக்கே நோய் முற்றியது. பெறாதோரில் அது 33 பேருக்கு முற்றியது.

மருந்து இருந்தும் ஊசி தவறுவது ஏன்? பிள்ளையை நகரத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் தாய்க்கு அன்றைய பேர் போய்விடுகின்றது. அரைப்பேர் கிடைத்தாலே பெரிது. துள்ளி விளையாடும் பிள்ளைக்கு வலிமிகுந்த ஊசி எதற்கு என்ற எண்ணமும், சிங்களத்தில் மட்டும் சொல்லப்படும் அறிவுரையும் சேர்ந்துகொள்கின்றன. முஸ்லிம் குடும்பங்களில் றமழான் மாதத்தில் ஊசியைத் தள்ளிப்போடும் தயக்கம் எழலாம். போஷாக்கு ஏற்றுவதல்லாத சிகிச்சை ஊசிகள் நோன்பை முறிக்காது என ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி 1997இலேயே தீர்மானித்துள்ளது. இதனை உலமாக்கள் பள்ளிவாசல்களில் அறிவித்தால் பேருதவியாகும்.

தடுப்பூசி இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. கிருமியின் புரதத்தைக் கொண்டே தயாரிக்கப்படுவதால், அதுவே இதயத்தைத் தாக்கத் தூண்டுமோ என்ற அச்சம் அமெரிக்காவில் 1979 முதல் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அம்முயற்சிக்குத் தடையாக நின்றது.

எனவே இன்று கையிலிருப்பது ஊசிதான். நோயுற்ற பிள்ளைகளின் பதிவேட்டைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் தமிழிலும் பேண வேண்டும். நாள் தவறியோரைத் தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தர் தேடிச் செல்ல வேண்டும். ஊசி நாளில் தாய்க்கு முழுப்பேர் வழங்கத் தோட்ட நிர்வாகங்கள் இணங்க வேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் இதய ஸ்கேனையும் சேர்த்து, எத்தனை பிள்ளைகள் இந்நோயை அறியாமல் சுமக்கின்றனர் என்பதைக் கண்டறியும் பணியை, இரத்தினபுரியில் இயங்கும் சப்ரகமுவ பல்கலைக்கழக மருத்துவ பீடம் மேற்கொள்ளலாம்.