செய்தியைச் சுமப்போர் யார்? முன்னேற்பாடற்ற நடமாடும் வலையமைப்புகளில் வழிச்செலுத்தலின் சமூக வரலாறு

தொழினுட்பத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனைக் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதிவிடுகின்றனர். எந்தச் சமூகத் தேவை ஒரு கருவியை வேண்டி நின்றது, யார் பணம் கொடுத்தனர், எத்தகைய மனித உறவை முன்னனுமானமாகக் கொண்டு அது வரையப்பட்டது என்பன அடிக்குறிப்புக்குத் தள்ளப்படுகின்றன. ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் வெளியிட்ட தொலைக்காட்சி பற்றிய நூலில் இப்போக்கைக் கடுமையாக மறுத்தார். தொழினுட்பத்தைச் சமூகத்துக்குப் புறத்தே தானாக வளர்ந்துவரும் சக்தியாகக் கொள்வது தவறு என்பது அவரது வாதம். அவ்வாதத்தை ஒரு குறுகிய துறைசார் பொருளிற் பொருத்திப் பார்க்க நாம் இங்கு முனைகிறோம். இலக்கிய மாணவர்க்கு இதில் என்ன அலுவல் என்று கேட்கப்படலாம். பொறியியலாளரின் ஆய்வுரைகளும் பனுவல்களே. அவற்றின் சொற்களும் உருவகங்களும் ஒரு கருத்துநிலையிலிருந்து பிறப்பனவே.

பொருளை முதலில் விளக்குவோம். வானலைக் கருவிகள் சில ஓரிடத்தில் உள்ளன. கோபுரம் இல்லை, கம்பி இல்லை, தலைமை நிலையமும் இல்லை. ஒவ்வொரு கருவியின் அலையும் சிறிது தூரமே எட்டும். அப்பால் உள்ள ஒருவருக்குச் செய்தி செல்ல வேண்டுமாயின் இடையிலுள்ளோரின் கருவிகள் அதனை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தல் வேண்டும். கருவிகளோ நடமாடுவன, இக்கணம் இருந்த வழி மறுகணம் இராது. இதனையே முன்னேற்பாடற்ற நடமாடும் வலையமைப்பு என்பர். இதிற் சேர்ந்த ஒவ்வொரு கருவியும் ஒரு கணு. செய்தி சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படும். எப்பொதி எவ்வழிச் செல்வது எனத் தீர்மானிப்பதே வழிச்செலுத்தல். அஞ்சற் சேவையிற் போல அனுப்புவோர் வேறு, சுமப்போர் வேறு என்ற பிரிவு இங்கு இல்லை. எல்லோரும் எல்லோருக்காகவும் சுமந்தாலன்றி ஒருவருடைய செய்தியும் போய்ச் சேராது. ஆகவே, குறுகிய வழி எது என்ற கணிதக் கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது: பிறர் பொதியை ஒருவர் ஏன் சுமக்க வேண்டும்?

இவ்வமைப்பு தோன்றிய இடத்தில் அக்கேள்வி எழவே இல்லை. தோன்றிய இடம் படைத்துறை. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்றம்சன் குழுவினர் தீவுகளிலிருந்த முனையங்களை வானலை வழியே மையக் கணினியுடன் இணைத்தனர். அலோஹா எனப்பட்ட அவ்வமைப்பு ஒரே பாய்ச்சலுக்குரியது. இடையிற் சுமப்போர் எவருமில்லை. வானலையிற் பொதிகளை அனுப்புவது சாத்தியம் என்று அது காட்டியதும், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் உயர் ஆய்வுத் திட்ட முகவரகம் 1973இல் வானலைப் பொதி வலையமைப்பு என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதனை முன்னின்று வழிநடத்தியவர் றொபேட் கான். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிற் குன்றுகள் மீது அலைபரப்பிகள் நிறுவப்பட்டன. ஆய்வு நிறுவனமொன்றின் வான் வண்டி நெடுஞ்சாலைகளில் ஓடியது. 1976 ஆகஸ்ட் 27ஆந் தேதி அவ்வண்டி போர்ட்டோலா பள்ளத்தாக்கில் ஒரு மதுச்சாலையருகே நிறுத்தப்பட்டு, அதன் முற்றத்து மேசையொன்றிலிருந்து செய்தி அனுப்பப்பட்டது. இணையத்தின் வரலாற்றாசிரியர்கள் இம்மதுச்சாலைக் கதையை விரும்பிச் சொல்வர். அவ்வண்டி போர்க்களத்து வாகனத்துக்குப் பதிலாக ஓடிய மாதிரி என்பதை அவ்வளவு விருப்பத்துடன் சொல்வதில்லை.

தொடக்கத்தில் இத்திட்டத்தில் ஒரு மைய நிலையம் இருந்தது. எக்கணு எவ்வழிப் பொதியை அனுப்ப வேண்டும் என்பதை அதுவே கணித்துக் கட்டளையிட்டது. மையம் அழிந்தால் யாவும் அழியும் என்பது படைத்துறைக்கு உவப்பான நிலையன்று. ஆகவே கணுக்கள் தாமே வழியறியும் முறைக்கு அது மாற நேர்ந்தது. 1987இல் ஜூபின், டோர்னோ ஆகியோர் வெளியிட்ட ஆய்வுரை அம்முறையை விவரிக்கிறது: ஒவ்வொரு கணுவும் 7.5 விநாடிக்கொரு முறை தன் இருப்பையும் தானறிந்த வழிகளையும் அயலாருக்கு அறிவிக்கும். அவ்வறிவிப்புகளைச் சேர்த்து ஒவ்வொன்றும் தன் பட்டியலைத் திருத்திக்கொள்ளும். மையத்தை ஒழித்த இவ்வமைப்பைக் கண்டு ஜனநாயகத்தின் முன்மாதிரி எனப் புளகாங்கிதமடைந்தோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கட்டளை மைய நிலையத்தினின்றும் அகன்று ஒவ்வொரு கருவிக்குள்ளும் குடிபுகுந்தது, அவ்வளவே. எல்லாக் கருவிகளும் ஒரே படையின் உடைமை. சிப்பாயின் கருவி அடுத்த சிப்பாயின் பொதியைச் சுமக்கலாமா எனச் சிந்திக்க வேண்டியதில்லை.

1985இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு சில அலைவரிசைகளை அனுமதிப்பத்திரமின்றிப் பயன்படுத்த வழிவிட்டது, மடிக்கணினிகளும் மலிந்தன. 1990களில் இப்பொருள் படைமுகாமிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கும் வணிக நிறுவனங்களின் ஆய்வுகூடங்களுக்கும் பரவிற்று. கம்பிவழி வலையமைப்புகளில் வழக்கிலிருந்த முறை இங்கு பயன்படாமற் போனதன் காரணத்தைச் சிறிது விரித்துரைத்தல் தகும். பெல்மன், ஃபோர்ட் ஆகியோர் 1950களில் வகுத்த கணிதத்தைத் தழுவிய அம்முறையில், ஒவ்வொரு கணுவும் தன் அயலாரின் சொல்லை நம்பித் தூரத்தைக் கணிக்கிறது. க என்பவருக்குச் செல்லும் வழி இரண்டாங் கணுவிடமும், அவர் மூலம் முதற் கணுவிடமும் இருப்பதாகக் கொள்வோம. க அகன்றுவிடுகிறார். வழியிழந்த இரண்டாங் கணு, முதற் கணு தனக்கு வழியுண்டென்று சொல்வதைக் கேட்டு அவ்வழியை எடுத்துக்கொள்கிறது; அவ்வழி தன்னூடாகவே சென்றது என்பதை அது அறியாது. முதற் கணுவோ மீண்டும் இரண்டாங் கணுவை நம்புகிறது. ஊர்வதந்தி போல் ஒருவர் சொல்லை மற்றவர் ஆதாரமாகக் கொள்ள, பொதி இருவருக்கிடையே சுழன்றுகொண்டேயிருக்கும். கணுக்கள் ஓயாது நடமாடும் இடத்தில் இது நாளாந்த நிகழ்வாகும்.

1994இல் சார்ள்ஸ் பேர்க்கின்ஸ், பிரவின் பகவத் ஆகிய இருவரும் கண்ட தீர்வு எளிமையானது. சேருமிடத்துக் கணு தன்னைப் பற்றிய ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஏறுவரிசையில் எண்ணிட வேண்டும். கூடிய எண்ணுடைய செய்தி புதியது, பழையது தள்ளப்படும், எண் ஒன்றாயின் குறுகிய வழி கொள்ளப்படும். ஆயினும் யாரும் பேசாதபோதும் எல்லோரும் தம் பட்டியல்களைப் பரப்பிக்கொண்டிருப்பது மின்கலத்தையும் அலைவரிசையையும் வீணே உறிஞ்சிற்று. தேவை எழும்போது மட்டும் வழி தேடுவது என்ற கொள்கை இதனாற் பிறந்தது. டேவிட் ஜோன்சன், டேவிட் மால்ட்ஸ் ஆகியோர் 1996இல் விரித்துரைத்த முறையில் வழி முழுவதும் பொதியின் தலைப்பிலேயே எழுதப்பட்டது. பேர்க்கின்ஸும் எலிசபெத் ரோயரும் 1999இல் முன்வைத்த முறையில், அனுப்புங் கணு ‘இன்னாருக்கு வழி உண்டோ’ என்று அயலெங்கும் கேள்வியைப் பரப்பும். கேட்ட கணு, யாரிடமிருந்து கேட்டோம் என்பதை மட்டும் நினைவில் வைத்து மேலும் பரப்பும். விடை வந்த வழியே திரும்பும். முழு வழியையும் எக்கணுவும் அறியாது. அடுத்த அடியை மட்டுமே அறியும். இது 2003 ஜூலையில் இணையப் பொறியியற் செயலணியின் பரிசோதனை நடப்பொழுங்காக வெளியாயிற்று. இவை நுட்பமான சாதனைகள் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இவை எங்கே சோதிக்கப்பட்டன? 1998இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் செய்த புகழ்பெற்ற ஒப்பீட்டை நோக்குக. கணினிக்குள் 1500 மீற்றர் நீளமும் 300 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு செவ்வகம். அதில் 50 கணுக்கள். காலம் 900 விநாடி. ஒவ்வொரு கணுவும் எழுந்தமானமாக ஓரிடத்தைத் தெரிந்து, எழுந்தமானமான வேகத்தில் அங்கு சென்று, சிறிது தரித்து, பின் வேறோரிடம் நோக்கிப் புறப்படும். அச்செவ்வகத்தில் தெருவில்லை, சந்தையில்லை, வேலைத்தலமில்லை. வேலைமுடிந்து கூட்டமாகத் திரும்புவோரும் இல்லை. பொருளியலறிஞர் தம் ஆய்வைத் தனித்தீவின் றொபின்சன் குரூசோவிலிருந்து தொடங்குவதை மார்க்ஸ் 1857இல் எழுதிய முன்னுரையில் எள்ளி நகையாடினார். இச்செவ்வகத்தில் நாம் காண்பது ஐம்பது குரூசோக்களை. 2003இல் வேறு ஆய்வாளர் இம்மாதிரியை அதன் சொந்தக் கணிதத்தாலேயே ஆராய்ந்து, இழிவு வேகம் பூச்சியமாயின் கணுக்களின் சராசரி வேகம் காலஞ்செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போகும் எனக் காட்டினர். ஓடுவதாக எண்ணப்பட்டவர்கள் மெல்லமெல்ல நின்றுகொண்டிருந்தனர்.

குடிமக்கள் கையில் கருவி வந்ததும் முதலிற் கூறிய கேள்வி எழுந்தது. அதனை எழுப்பிய விதமே நம் கவனத்துக்குரியது. 2000ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வுரையொன்று, பொதியைச் சுமக்க மறுக்கும் கணுவை ‘ஒழுக்கந் தவறிய’ கணு என்றது. அதனைக் கண்டறியும் செய்நிரலுக்குக் ‘காவல் நாய்’ என்று பெயர். அயற்கணு தன் பொதியை மேலே அனுப்புகிறதா என்று ஒட்டுக்கேட்பது அதன் தொழில். ஒழுக்கந் தவறியவை விலக்கப்பட்டு வேறு வழி தேடப்படும். சுமக்க மறுத்தவருக்கு இதனாற் சுமை குறைந்ததேயன்றித் தண்டனை கிட்டவில்லை என்பதைப் பின்வந்தோர் சுட்டிக்காட்டினர்.

அதே ஆண்டில் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிற் பணியாற்றிய புட்டியான், ஹுபோ என்னும் இருவர் இன்னொரு வழியைக் கண்டனர். அது நாணயம். நக்லெற் என்று பெயரிடப்பட்ட அது கருவியுள் யாரும் திருத்தவியலாத பெட்டகத்தில் எண்ணாக வைக்கப்படும். ஒரு முறையில் அனுப்புவோர் பொதியுடன் ஒரு பணப்பையைக் கட்டி அனுப்புவர். சுமப்போர் தத்தம் கூலியை அதிலிருந்து எடுப்பர். மற்ற முறையில் ஒவ்வோர் இடைக்கணுவும் பொதியை முந்திய கணுவிடம் விலைக்கு வாங்கி, அடுத்த கணுவுக்குக் கூடிய விலைக்கு விற்கும். இறுதிவிலையைப் பெறுவோர் கொடுப்பர். மலிவாக வாங்கிக் கூடுதலாக விற்கும் வணிக மூலதனத்தின் சூத்திரத்தை இத்துணைத் தெளிவாக எழுதிய பொறியியற் பனுவல் வேறு உண்டோ என்பது ஐயமே. இதன் விளைவும் எதிர்பார்க்கத்தக்கதே. நகர்நடுவே நிற்பவரூடாகப் பல பொதிகள் செல்லும், அவர் பொருளீட்டுவார். ஓரத்தில் நிற்பவரூடாக எதுவும் செல்லாது, ஆகவே தன் செய்தியை அனுப்பவும் அவரிடம் நாணயமிராது. இடத்தால் வரும் இவ்வருவாயை நிலவாடகை பற்றிய அரசியற் பொருளாதாரம் நன்கறியும். மின்கலம் தீர்ந்துபோகும் பொருள் என்பது மெய்யே. சுமத்தல் செலவுள்ள கருமம் என்பதும் மெய்யே. ஆனால் அச்செலவைப் பகிர்வதற்குச் சந்தையன்றி வேறு வழியில்லை என்பது கணிதத்தாற் பெறப்பட்ட முடிபன்று. அது முதல் வரிக்கு முன்பே எழுதப்பட்டுவிட்ட எடுகோள்.

எதிர்த்திசையில் உணர்ச்சிவயப்படுதலும் தவறாகும். எல்லோரும் ஒத்துழைத்தாலும் பௌதிகம் ஒரு வரம்பிடுகிறது. குப்தா, குமார் ஆகியோர் 2000இல் நிறுவியதன்படி, ஒரே பரப்பிற் கணுக்கள் பெருகப் பெருக ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் கொள்ளளவு ஏறத்தாழ அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது. கணுக்கள் நான்கு மடங்கானால் ஒருவர் பங்கு பாதிக்கும் கீழே போய்விடும். ஒவ்வொருவரும் தம் செய்தியினும் பிறர் செய்தியையே அதிகம் சுமப்பதும், ஒருவர் பேசும்போது அயலார் மௌனம் காக்க நேர்வதுமே காரணம். உலகம் முழுவதையும் கோபுரமின்றி இணைக்கலாம் என்ற கனவு இதனால் தகர்ந்தது.

எனினும் வரம்புக்குள் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. ஜேர்மனி இணைந்தபின் 1990களிற் கிழக்கு பேர்ளினின் சில பகுதிகளிற் பழைய செப்புக் கம்பிகளுக்குப் பதிலாக அக்காலத்தின் மிகப் புதிய கண்ணாடி இழைகள் பதிக்கப்பட்டன. சில ஆண்டுகளில் விரைவு இணையம் செப்புக் கம்பி வழியே பரவியபோது, அதே புதுமை அப்பகுதி மக்களுக்குத் தடையாயிற்று. நேற்றைய முதலீடு இன்றைய தளையாகும் இம்முரண்பாட்டிலிருந்தே 2000களின் தொடக்கத்தில் பிறைஃபுங்க் என்னும் மக்கள் வலையமைப்பு வளர்ந்தது. குடியிருப்போர் தத்தம் கூரைகளிலும் சாளரங்களிலும் மலிவான வழிச்செலுத்திகளைப் பொருத்தி ஒருவர் பொதியை ஒருவர் சுமந்தனர். நாணயம் எதுவும் வழங்கப்படவில்லை. இத்தகைய குழுக்கள் வரைந்த ஒரு குறுகிய உடன்படிக்கை, தன்னூடாகச் செல்லும் பிறர் பொதியைக் கட்டணமின்றியும் உள்ளடக்கத்தில் தலையிடாமலும் விடுவதாக ஒவ்வோர் உறுப்பினரும் ஒப்புக்கொள்வதை அடிப்படையாகக் கொண்டது. கற்றலோனியாவில் 2004இல் தொடங்கிய குயிஃபி வலையமைப்பும் இவ்வகையினதே. அது முப்பதாயிரம் கணுக்களுக்கு மேல் வளர்ந்தது. இக்கணுக்கள் நடமாடுவன அல்ல, கூரையில் நிலைகொண்டவை என்பது உண்மை. படைத்துறை தந்த ‘நடமாட்டம்’ என்ற அடைமொழியை மக்கள் தம் தேவைக்கேற்பக் கழற்றிவிட்டனர்.

அவர்களது நடைமுறை வழிச்செலுத்தலையும் மாற்றிற்று. பிரெஞ்சு அரச ஆய்வு நிறுவனத்தில் உருவாகி 2003இல் வெளியான நடப்பொழுங்கொன்றையே பேர்ளினார் முதலிற் கையாண்டனர். அதில் ஒவ்வொரு கணுவும் முழு வலையமைப்பின் வரைபடத்தையும் தானே கணிக்க வேண்டும். கணுக்கள் சில நூறானதும் மலிவான கருவிகள் அச்சுமையிற் திணறின. முதலில் அதனைத் திருத்தியும், பின்னர் 2006 அளவில் முற்றிலும் புதிய முறையொன்றை வகுத்தும் அவர்கள் முன்சென்றனர். புதிய முறையில் எவரும் முழுப்படத்தை வைத்திருப்பதில்லை. இன்னாரின் அறிவிப்பு எந்த அயலாரூடாகச் சிறப்பாக வந்துசேர்கிறது என்பதை மட்டும் நினைவிற்கொண்டு அவரிடமே பொதியைக் கொடுப்பர். 2011இல் இம்முறை லினக்ஸ் இயங்குதளத்தின் கருவினுள் இடம்பெற்றது. பல்கலைக்கழகச் செவ்வகத்தில் ஐம்பது கணுக்களிற் தெரியாத குறை, கூரைகளின் மேற் சில நூறு கணுக்களில் தெரியவந்தது.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 2010 மே மாதத்தில் ஜேர்மன் உச்சநீதிமன்றம், பாதுகாப்பற்ற வானலை இணைப்பொன்றினூடாகப் பிறர் பதிப்புரிமையை மீறினால் இணைப்புக்கு உரியவரைத் தடுப்பாணைக்குப் பொறுப்பாளியாக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. பெரிய இணைய நிறுவனங்கள் சுமப்போர் என்ற வகையில் இத்தகைய பொறுப்பினின்றும் காக்கப்பட்டிருக்க, அயலார் பொதியைச் சுமந்த குடியிருப்பாளர் ஐயத்துக்குரியவரானார். அச்சட்டநிலை 2017இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னரே பெருமளவு நீங்கிற்று.

நடமாட்டம் மீண்டும் தெருவிற் தோன்றியது ஹொங்கொங்கில். 2014இல் வீதிகளை நிறைத்த மாணவரும், 2019இல் அவர்களைப் பின்தொடர்ந்தோரும், கோபுர இணைப்பு துண்டிக்கப்படுமென அஞ்சி, கைப்பேசிக்குக் கைப்பேசி செய்தி கடத்தும் செயலிகளை நாடினர். சுமந்தவை மக்களின் கருவிகள். செயலிகளோ தனியார் நிறுவனங்களுடையவை. 2019இற் பெரிதும் பேசப்பட்ட பிரிட்ஜிஃபை செயலியை லண்டன் பல்கலைக்கழகத்தின் றோயல் ஹொலவே கல்லூரியினர் ஆராய்ந்து 2020இல் முடிபுகளை வெளியிட்டனர். யார் யாருடன் பேசுகின்றனர் என்பதை அறியவும், செய்திகளைப் படிக்கவும், ஒருவர் பெயரில் மற்றவர் பேசவும், தீய நோக்குடன் அமைத்த ஒற்றைச் செய்தியால் வலையமைப்பையே முடக்கவும் அதில் வழியிருந்தது.