ராஷ்டிரம்: ஒரு சொல், பல எல்லைகள்

இந்திய மொழிகளை ஒப்பிட்டு ஆராய்வோரைப் பெரிதும் ஏமாற்றுபவை எல்லா மொழிகளுக்கும் பொதுவாய்த் தோன்றும் வடசொற்களே. 'ராஷ்டிரம்' அதற்குத் தக்க சான்று.

இந்தியிலும் மராத்தியிலும் கன்னடத்திலும் இச்சொல் தேசத்தைக் குறிக்கும். தெலுங்கில் மாநிலத்தைக் குறிக்கும். 1953 அக்டோபர் 1 அன்று சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்து உருவானது 'ஆந்திர ராஷ்டிரம்'. 2001இல் தோன்றி, 2022 வரை அப்பெயரில் இயங்கிய தெலங்கானா ராஷ்டிர சமிதியின் பெயரிலும் அப்பொருளே இருந்தது. ஆயினும் குடியரசுத் தலைவரைத் தெலுங்கரும் 'ராஷ்டிரபதி' என்றே அழைக்கின்றனர். மலையாளத்தில் ராஷ்டிரம் தேசம். 'ராஷ்டிரீயம்' என்றாலோ அரசியல். எனவே 'ராஷ்டிரீய' என்னும் அடைமொழி பெற்ற கட்சி இந்தியில் தேசியக் கட்சி. மலையாளத்தில் எந்த அரசியல் கட்சியும் ஆகலாம். தேசியக் கட்சி, மாநிலக் கட்சி எனத் தேர்தல் ஆணையம் வகைப்படுத்தும் நாட்டில் இவ்வேறுபாடு சிறியதன்று.

இவற்றுள் தெலுங்கு வழக்கைத் திரிபு என்று கருதுவோர் உண்டு. சாசனங்கள் அக்கருத்துக்கு இடந்தரவில்லை. பல்லவரின் ஹிரஹடகல்லிப் பிராகிருதச் செப்பேட்டில் 'சாதாஹனி ரட்டம்' ஒரு நிலப்பிரிவு. அவர்களுடைய வடமொழிச் செப்பேடுகளில் வரும் முண்டராஷ்டிரமும் கர்மராஷ்டிரமும் ஆந்திரக் கடலோரப் பகுதியின் உட்பிரிவுகளே. கி.பி. 634ஆம் ஆண்டின் ஐஹொளெக் கல்வெட்டு, இரண்டாம் புலிகேசி 99,000 ஊர்கள் கொண்ட மூன்று 'மகாராஷ்டிரகங்களுக்கு' அதிபதியானதாகக் கூறுகிறது. ஒரே வேந்தன் கீழ் மூன்று அமைந்தன என்பதால், இன்றைய 'தேசம்' என்னும் பொருள் அங்குப் பொருந்தாது. வேங்கிச் சாளுக்கியரின் ஆணைகள் 'ராஷ்டிரகூடர் முதலான குடும்பிகளை' விளித்துத் தொடங்குகின்றன. அங்கே ராஷ்டிரகூடர் என்போர் வட்டாரத் தலைமக்கள்; மானியகேட்டை ஆண்ட அரசமரபினர் அல்லர்.

ஐரோப்பியத் தேசியக் கருத்துக்கு இந்திய மொழிகள் இணைச்சொல் தேடிய காலத்தில்தான் 'ராஷ்டிரம்' இன்றைய அரசியல் கனத்தைப் பெற்றது. வங்காளம் அதே தேவைக்கு 'ஜாதி' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. அங்கு 'ஜாதீய' என்றால் தேசிய. இந்தியில் அதே சொல் சாதி சார்ந்தது.

பழஞ்சாசனத்தில் 'ராஷ்டிரம்' கண்டவுடன் அதைத் தேசம் எனப் பெயர்த்தால், ஒரு வட்டார நிர்வாகப் பிரிவு பண்டைய தேசமாக வரலாற்றில் ஏறிவிடும். பின்னர் அம்மொழிபெயர்ப்பே சான்றாகவும் மேற்கோளாகவும் ஆளப்படும். ஆதலால் மாணவர்கள் அகராதியை நாடுமுன், அச்சொல் எந்த நூற்றாண்டில், எந்த மொழியில், யாருடைய ஆணையில் வருகிறது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.