பத்துப் பென்ஸ் நாணயமும் ஒரு திருத்தப் பதிவும்



கணக்கு எழுதுபவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முந்திய வருடக் கணக்கில் பிழை இருப்பதை இந்த வருடம் கண்டால் பழைய பக்கத்தை அழித்து எழுதக்கூடாது. அது இருந்தபடியே இருக்கவேண்டும். புதிய திகதி போட்டு ஒரு திருத்தப் பதிவை எழுதவேண்டும். இம்மாத உரை அத்தகைய ஒரு பதிவு.

2004 ஆம் ஆண்டு நமது மாலை நிகழ்ச்சியில் கணனி விளையாட்டுகள் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினேன். அந்த வருடம் இங்கிலாந்தில் ஒரு சிறுவனை அவனுடைய நண்பனே கொன்றான். கொன்றவன் 'மான்ஹன்ட்' என்ற விளையாட்டுக்கு அடிமையாக இருந்தான் என்று பத்திரிகைகள் எழுதின. சில கடைகள் அந்த விளையாட்டை அலுமாரியிலிருந்து எடுத்துவிட்டன. நான் அந்தச் செய்திகளை வெட்டி வைத்துக்கொண்டு, "உங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு கொலைகாரனை வளர்க்கிறீர்கள்" என்ற அளவுக்குப் பேசிவிட்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் தொலைபேசி ஓயவில்லை. ஒரு தாயார், "அண்ணை, நீங்கள் சொன்னதைக் கேட்டு அந்தப் பெட்டியைத் தூக்கிக் குப்பையிலை போட்டிட்டன்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பொலிசார் சொன்னது வேறு. கொலைக்குக் காரணம் கொள்ளை என்றார்கள். அந்த விளையாட்டுத் தட்டு கண்டெடுக்கப்பட்டது கொன்றவனின் அறையில் அல்ல, இறந்த பிள்ளையின் அறையில். இந்தச் செய்தியும் பத்திரிகையில் வந்தது, சிறிய எழுத்தில். நானும் வாசித்தேன். ஆனால் வானொலியில் திருத்திச் சொல்லவில்லை. காரணம் வேறொன்றும் இல்லை, வெட்கம்தான்.

ஆகவே இந்தமுறை பத்திரிகைத் தலைப்பில் தொடங்காமல் பழைய பதிவேடுகளில் தொடங்குகிறேன்.

1981 மே 20 அன்று பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஒரு விசித்திரமான வாக்கெடுப்பு நடந்தது. ஸ்கொட்லாந்தின் தெற்கு ஏயர்ஷயர் தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர் ஜோர்ஜ் ஃபோக்ஸ் ஒரு மசோதாவுக்கு அனுமதி கேட்டார். மசோதாவின் பெயரிலேயே 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இருந்தது. அந்த விளையாட்டையும் அதுபோன்ற மற்ற மின்னணு விளையாட்டுகளையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை உள்ளூராட்சி சபைகளுக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடிக்கிறார்கள், இயந்திரத்தில் போடுவதற்குக் காசு திருடுகிறார்கள், உலகமே தெரியாமல் கண் சொருகி நிற்கிறார்கள் என்று முறையிட்டார். எதிர்த்துப் பேசிய பழமைவாதக் கட்சி உறுப்பினர் மைக்கேல் பிரவுன், தானும் அதை விளையாடுகிறவன்தான் என்று சபையிலேயே ஒப்புக்கொண்டார். 114 வாக்குகளுக்கு 94 என்ற கணக்கில் கோரிக்கை தோற்றது. இருபது வாக்குத்தான் வித்தியாசம்.

அந்தத் திகதியை வாசித்தபோது என் கண் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அந்த வாக்கெடுப்பு நடந்து பதினொரு நாளில், மே 31 இரவு, யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு எது கேடு என்ற கேள்வி ஒரே மாதத்தில் இரண்டு நாடுகளில் எப்படி எப்படி இருந்தது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இனி அந்த விளையாட்டுக்கு வருவோம். அதை 1978 இல் யப்பானில் டைட்டோ நிறுவனத்துக்காக உருவாக்கியவர் தொமொஹிரோ நிஷிகாடோ. திரையில் ஐந்து வரிசை, வரிசைக்குப் பதினொன்றாக ஐம்பத்தைந்து விண்வெளிப் பிராணிகள் இறங்கிவரும், நாம் கீழிருந்து சுடவேண்டும். மனித உருவங்களைச் சுடுவது சரியல்ல என்பதாலேயே விண்வெளிப் பிராணிகளைப் போட்டார்கள். ஆட்டம் முடிவை நெருங்க நெருங்க வேகம் கூடுவதும் திட்டமிட்டுச் செய்ததல்ல. திரையில் உருவங்கள் குறையக் குறைய அந்தக்காலச் சிறிய கணனிக்கு வேலை குறைந்தது, மிஞ்சியவை வேகமாக ஓடின. அதைக் கண்ட நிஷிகாடோ, நல்லதாயிருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார். பிள்ளைகளின் நெஞ்சைப் படபடக்க வைத்த அந்த வேகம் தற்செயலாக வந்தது.

இந்த விளையாட்டால் யப்பானில் நூறு யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்று ஒரு கதை உண்டு. நானும் 2004 உரையில் அதைச் சுவைபடச் சொன்னேன். கணக்காளனாக இருந்தும் நாணயச்சாலைக் கணக்கைப் பார்க்கவில்லை. 1978, 1979 ஆகிய இரு வருடங்களிலும் அங்கு அடிக்கப்பட்ட நூறு யென் நாணயங்கள் 1977 இல் அடிக்கப்பட்டதை விடக் குறைவு. தட்டுப்பாடு வந்திருந்தால் கூட்டியல்லவா அடித்திருப்பார்கள்! இயந்திரத்துக்குள் விழுந்த நாணயம் அங்கேயே கிடப்பதில்லை, கிழமைக்குக் கிழமை வங்கிக்குப் போய்விடும். இது திருத்தப் பதிவில் இரண்டாவது.

இந்தப் பயம் ஸ்பேஸ் இன்வேடர்ஸோடு தொடங்கியதும் அல்ல. நியூயோர்க் நகரில் 1942 ஜனவரியில் மேயர் லாகார்டியா 'பின்போல்' இயந்திரங்களுக்குத் தடை விதித்தார். பொலிசார் அவற்றை வண்டி வண்டியாகக் கொண்டுவந்தார்கள், மேயர் தானே பெரிய சுத்தியலால் அடித்து நொறுக்கிப் படம் பிடிப்பித்தார். அவருடைய முக்கிய குற்றச்சாட்டு, பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக் காசை இது பறிக்கிறது என்பது. அந்தத் தடை நீங்க 34 வருடம் எடுத்தது. 1976 இல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகர சபை உறுப்பினர்கள் முன் விளையாடிக் காட்டினார். பந்து எந்த வழியால் விழும் என்று முதலே சொல்லிவிட்டு அடித்தார், அது அப்படியே விழுந்தது. இது சூதல்ல, கைத்திறமைதான் என்று சபை ஏற்றுக்கொண்டது.

1942 ஆனாலும் 1981 ஆனாலும் பெரியவர்களின் பயம் முதலில் காசைப் பற்றியது. கொலையைப் பற்றிய பயம் பின்னர்தான் பெருத்தது. 1993 டிசெம்பரில் அமெரிக்க செனட்டில் ஜோசப் லீபர்மனும் ஹேர்ப் கோலும் 'மோர்ட்டல் கொம்பட்', 'நைட் ட்ராப்' ஆகியவற்றை வைத்து விசாரணை நடத்தினார்கள். அதன் விளைவாக 1994 இல் அங்கு வயதுத் தரப்படுத்தல் வந்தது. ஐரோப்பாவில் 2003 இல் பெகி முறை வந்தது. பிரித்தானியாவில் 2012 யூலை முதல் அதற்குச் சட்ட வலு உண்டு. பெட்டியில் 12, 16, 18 என்று போட்டிருப்பது அந்த வயதுக்குக் குறைந்தவருக்குக் கடைக்காரர் விற்கக்கூடாது என்பதற்காக. நம்மில் பலர் அதை விளையாட்டின் கடினத்தன்மை என்று நினைத்து, "என்ரை மகன் கெட்டிக்காரன், பதினெட்டையே விளையாடுவான்" என்று வாங்கிக்கொடுத்த கதைகள் எனக்குத் தெரியும்.

கலிபோர்னியா இன்னும் ஒரு படி மேலே போனது. வன்முறை விளையாட்டைச் சிறுவருக்கு விற்பதைத் தடுக்கும் சட்டம் 2005 இல் வந்தது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ஆர்னோல்ட் ஸ்வார்ஸ்னெகர். திரையில் அவர் சுட்டுத் தள்ளியவர்களை எண்ணி முடிக்க முடியாது. சட்டத்தைக் கொண்டுவந்த லீலண்ட் யீ, 2016 இல் ஐந்து வருடச் சிறைத்தண்டனை பெற்றார். உண்மையான துவக்குக் கடத்தலும் அந்த வழக்கில் பேசப்பட்டது. 2011 யூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. தீர்ப்பெழுதிய நீதியரசர் ஸ்காலியா, சூனியக்காரியைப் பிள்ளைகள் அடுப்புக்குள் தள்ளும் கிறிம் சகோதரர்களின் கதைகளைச் சுட்டிக்காட்டினார். நாங்கள் மட்டும் என்ன, இரணியனின் குடலை நரசிங்கர் உருவி மாலையாகப் போட்ட கதையைச் சொல்லித்தானே பிள்ளைக்குச் சோறு தீத்தினோம்.

ஆய்வாளர்கள் என்ன சொன்னார்கள்? நீண்டகாலம் பிரிந்தே நின்றார்கள். 2019 இல் ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர் ஒருவர் தன் சகபாடியுடன் சேர்ந்து, பிரித்தானியாவில் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ ஆயிரம் பேரைப் பார்த்தார். பிள்ளை சொல்வதை மட்டும் நம்பாமல், விளையாட்டின் தரப்படுத்தலையும் பெற்றோரின் வாக்குமூலத்தையும் ஒப்பிட்டார்கள். வன்முறை விளையாட்டுக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு தென்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டு நடத்தைகளோடு சிறிய தொடர்பு உண்டு என்று சொன்னாலும், உண்மையான வன்முறைக்கு விளையாட்டைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று 2020 இல் தெளிவுபடுத்தியது.

ஆனால் எங்கள் வீடுகளில் இன்னொரு விடயம் உண்டு. அதை எந்த ஆய்விலும் நான் காணவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பேரன் மேல்மாடியில் விளையாடும்போது வரும் சூட்டுச் சத்தத்துக்கு அம்மம்மா படிக்கட்டின் கீழ்ப் பெட்டியறைக்குள் போய் இருந்துவிட்டார். பங்கர் பழக்கம். பேரன் கெட்டவன் அல்ல. அவனுக்கு அது வெறும் சத்தம். அன்று முதல் காதில் மாட்டும் ஒலிவாங்கிக் கருவியோடுதான் விளையாடினான். யாரும் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை, அம்மம்மாவைக் கண்டதே போதுமாயிருந்தது. அதேசமயம், ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்த காலத்திலும் எங்கள் தம்பிமார் பனைமட்டையில் துவக்குச் செய்து ஆமியும் பொடியளும் விளையாடினார்கள் என்பதையும் நான் மறைக்கக்கூடாது. அவர்களில் பெரும்பாலானோர் இன்று கடை நடத்துகிறார்கள், பேருந்து ஓட்டுகிறார்கள்.

நன்மைப் பக்கத்தையும் எழுதவேண்டும். ஃபோக்ஸின் மசோதா தோற்ற அடுத்த வருடம், 1982 ஏப்ரலில், ஸ்பெக்ட்ரம் என்ற சிறிய கணனி பிரித்தானியாவில் அறிமுகமானது. படிப்புக்கென்று பெற்றோர் வாங்கினார்கள், பிள்ளைகள் விளையாட்டுக்கென்று பாவித்தார்கள். சஞ்சிகையில் அச்சான நிரலை வரி வரியாகத் தட்டி, பிழை வந்தால் தேடித் திருத்தி, கடைசியில் தாங்களே எழுதப் பழகினார்கள். 1983 இல் 'மனிக் மைனர்' என்ற புகழ்பெற்ற விளையாட்டை எழுதிய மத்தியூ சிமித்துக்கு அப்போது வயது பதினேழு. பிரித்தானியாவின் விளையாட்டுத் தொழிலுக்கு அத்திவாரம் இட்டவர்களில் பலர் இப்படிப் படுக்கையறையில் இருந்து எழுதிய பொடியள்தான்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். ஃபோக்ஸையும் லாகார்டியாவையும் பலர் கேலி செய்வார்கள். எனக்கு வரவர அவர்கள்மேல் மதிப்புக் கூடுகிறது. இரத்தத்தைத் தேடிய நாங்கள் காசை மறந்துவிட்டோம். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறு வியாபாரியின் வங்கிக் கூற்றைச் சரிபார்த்தபோது 7.99, 7.99, 15.99 என்று ஒரே இரவில் வரிசையாகப் பதிவுகள் இருந்தன. கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. ஒன்பது வயது மகள் தகப்பனின் கைத்தொலைபேசியில் விளையாடியிருக்கிறாள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலே வாங்கும் மாயப் பெட்டி, திறந்தால் பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாத பொருள், பிறகு இன்னொரு பெட்டி. பத்துப் பென்ஸ் நாணயத்தைப் பையிலிருந்து எடுக்கும்போது அது குறைவது பிள்ளைக்குத் தெரிந்தது. இங்கே பையும் இல்லை, நாணயமும் இல்லை.

பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 இலேயே இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று முடிவு செய்தது. பிரித்தானிய அரசு 2022 யூலையில், சூதாட்டச் சட்டத்தை இதற்காக மாற்றுவதில்லை, நிறுவனங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றது. அது எனக்கு உடன்பாடில்லை. அதே வருட டிசெம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 'ஃபோர்ட்நைட்' நிறுவனமான எபிக் கேம்ஸை 520 மில்லியன் டொலர் கட்டச் சம்மதிக்க வைத்தது. அதில் 275 மில்லியன் பிள்ளைகளின் தனிப்பட்ட விபரங்களைப் பெற்றோரின் அனுமதியின்றிச் சேகரித்ததற்கு. 245 மில்லியன் வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு. பெற்றோரைக் கேளாமல் பிள்ளை ஒரு பொத்தானை அழுத்தினாலே காசு போகும்படி வைத்திருந்தார்கள் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

அடிமைத்தனம் என்ற சொல்லையும் நான் அன்று அளவில்லாமல் பாவித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் இது இருப்பது உண்மை. ஆனால் கட்டுப்பாடு இழந்து, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டே ஆகி, கேடு வந்தும் விடமுடியாத நிலை வழக்கமாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். பரீட்சைக்கு முதல்நாள் விளையாடுகிற பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கமுடியாது. உண்மையில் அந்த நிலைக்குப் போன பிள்ளைகளுக்காக லண்டனில் 2019 இல் தேசிய சுகாதார சேவை ஒரு சிகிச்சை நிலையம் திறந்தது. குடும்ப வைத்தியரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

2004 இல் பெட்டியைக் குப்பையில் போட்ட தாயாரின் மகன் போன தை மாதம் வரிப் படிவத்துக்காக என்னிடம் வந்தார். இப்போது சொந்தமாக மின்வேலை செய்கிறார். என் குரலை அவருக்குத் தெரிந்திருக்கிறது. "அங்கிள், நாங்கள் வந்து ஒரு வருசம்தான். எனக்கு இங்கிலிஷ் சரியா வராது. ஸ்கூலிலை மற்றப் பெடியளோடை கதைக்கிறதுக்கு எனக்கு இருந்தது அந்தக் கேம் ஒண்டுதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அது என்ன விளையாட்டு என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். உதைபந்தாட்டம் என்றார்.