ஒரு பாட்டில் பீருக்குள் ஒரு குவாட்டர் போதை! மரப் பீப்பாயில் ஊறும் கருப்பு பீர் பற்றி குடிமகன்கள் தெரிஞ்சுக்க வேண்டியது

காத்திவாக்கம்:

"பீர் தானே மச்சான், ரெண்டு அடிச்சா என்னா ஆயிடப் போவுது?"

எண்ணூர், காத்திவாக்கம், திருவொற்றியூர் பக்கம் ஷிப்ட் முடிந்து வரும் குடிமகன்களின் வாயில் சாதாரணமாக வரும் பேச்சு இது. டாஸ்மாக் பீருக்கே இந்தப் பேச்சு ஆபத்து. வெளிநாட்டில் பெயர் வாங்கிய 'போர்பன் பீப்பாய் பீர்' விஷயத்தில் இப்படி நினைத்தால், ஆள் ஒழுங்காக வீடு போய் சேருவது கஷ்டம்.

கப்பல் வேலைக்குப் போனவர், வெளிநாட்டில் இருந்து லீவில் வந்தவர் என்று யாராவது ஒருவர் பெட்டியில் இப்படி ஒரு பாட்டில் வரலாம். விமானத்தில் வரும் பயணி ஒருவர் 2 லிட்டர் வரை மது வரி இல்லாமல் கொண்டு வர சுங்க விதியில் இடம் உண்டு. பாட்டில் மேலே பீர் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் உள்ளே இருப்பது நம்ம ஊர் பீர் கணக்கே இல்லை.

கணக்கு இதுதான்

இந்திய உணவு பாதுகாப்பு ஆணையம் 2018-ல் கொண்டு வந்த மது தர விதிப்படி, 5 சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தால் சாதா பீர். அதற்கு மேல் 8 சதவீதம் வரை 'ஸ்ட்ராங்' பீர். 8-ஐ தாண்டினால் இங்கே பீர் கணக்கிலேயே வராது.

அமெரிக்காவின் போர்பன் பீப்பாய் பீர்களில் 12 முதல் 15 சதவீதம் வரை ஆல்கஹால் இருப்பது சகஜம். பாட்டிலுக்குள் இருக்கும் சுத்த ஆல்கஹாலை மட்டும் தனியாக பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும்.

* சாதா பீர், 650 மில்லி, 5 சதவீதம்: சுமார் 32 மில்லி

* ஸ்ட்ராங் பீர், 650 மில்லி, 8 சதவீதம்: 52 மில்லி

* பீப்பாய் பீர், 500 மில்லி, 14 சதவீதம்: 70 மில்லி

* பிராந்தி அல்லது விஸ்கி குவாட்டர், 180 மில்லி, 42.8 சதவீதம்: 77 மில்லி

அதாவது பார்க்க சின்ன பாட்டில். ஆனால் ஏறக்குறைய ஒரு குவாட்டரை முழுசாக உள்ளே தள்ளியதற்கு சமம். குவாட்டராவது தொண்டையில் எரியும், ஆள் நிதானிப்பார். இது இனிப்பாக, காபி மாதிரி வழவழவென்று இறங்கும். அதனால் போதை ஏறுவது முதலில் தெரியாது. அங்கேதான் வில்லங்கம்.

போர்பன் என்றால் என்ன?

போர்பன் என்பது அமெரிக்க விஸ்கி வகை. அதில் போடும் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் தீயில் கருக்கிய புத்தம் புது ஓக் மரப் பீப்பாயில்தான் அதை ஊற வைக்க வேண்டும். இது அந்த நாட்டு சட்டம்.

ஒரு தடவை போர்பன் ஊறிய பீப்பாயில் மறுபடி போர்பன் ஊற வைக்க முடியாது. அதனால் ஆயிரக்கணக்கில் பழைய பீப்பாய்கள் மிஞ்சும். ஒவ்வொன்றும் சுமார் 200 லிட்டர் பிடிக்கும். இவை ஸ்காட்லாந்து விஸ்கி கம்பெனிகளுக்கும் மற்ற நாடுகளுக்கும் விற்பனைக்குப் போகும். 2004-ல் வெளிநாட்டு சந்தைக்கு போன பெங்களூரு 'அம்ருத்' சிங்கிள் மால்ட் விஸ்கியும் இந்த வகை பீப்பாயில் ஊறுவதுதான்.

இந்தப் பழைய பீப்பாயில் விஸ்கிக்கு பதில் கெட்டியான கருப்பு பீரை ஊற்றினால் என்ன? 1990-களில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் 'கூஸ் ஐலண்ட்' என்ற பீர் கம்பெனி இதை செய்து பார்த்தது. ஜிம் பீம் விஸ்கி கம்பெனியின் பழைய பீப்பாய்களை வாங்கி வந்து, அதில் கருப்பு பீரை மாதக்கணக்கில் ஊற வைத்தார்கள். 'போர்பன் கவுண்டி ஸ்டவுட்' என்ற அந்த பீர் இன்று வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் விற்பனைக்கு வருகிறது. அதை வாங்க கியூ கட்டி நிற்கிறவர்கள் உண்டு. அதைப் பார்த்து பல நாடுகளிலும் இந்த வகை பீர் பரவி விட்டது.

கருப்பு எப்படி வருகிறது?

பார்லியை முளைக்க வைத்து காய வைத்தால் மால்ட். அதில் ஒரு பகுதியை காபி கொட்டை மாதிரி கருக வறுத்து சேர்த்தால் பீர் கருப்பாகும். இதற்கு பெயர் ஸ்டவுட். நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தம் இல்லை. உலகம் பூரா விற்கும் அயர்லாந்து 'கின்னஸ் டிராட்' பீர் கன்னங்கரேல் என்று இருக்கும். ஆனால் அதில் ஆல்கஹால் 4 சதவீதம் சொச்சம்தான். நம்ம ஊர் மஞ்சள் 'ஸ்ட்ராங்' பீரில் பாதி. பீப்பாய் பீருக்கு மால்ட்டை அதிகமாகப் போட்டு, கெட்டியாகவும் வீரியமாகவும் காய்ச்சுகிறார்கள்.

அதை 8 மாதம், ஒரு வருஷம் என்று பீப்பாயில் விட்டால் மூன்று வேலை நடக்கிறது. ஒன்று, மரத்துக்குள் ஏற்கனவே உறிஞ்சப்பட்ட போர்பன் பீருக்குள் இறங்கும். இரண்டு, கருக்கிய ஓக் மரத்தில் இருந்து வெனிலா வாசனையும் தேங்காய் வாசனையும் வரும். மூன்று, மரத்தின் இடுக்கு வழியாக கொஞ்சம் கொஞ்சமாக காற்று பட்டு, பீரின் முரட்டுத்தனம் அடங்கும்.

இதனால்தான், ஸ்ட்ராங் பீரில் ஒரு கட்டிங் விஸ்கியை ஊற்றினால் இது வந்து விடாது. போதை மட்டும் கூடும். மரத்தின் வாசனையும் மாதக்கணக்கில் ஊறிய பக்குவமும் வராது.

மெட்ராஸ் கரைக்கு வந்த பீப்பாய்கள்

பீப்பாயில் கருப்பு பீர் என்பது வடசென்னை கடலோரத்துக்கு புதுசு இல்லை. கிழக்கிந்திய கம்பெனி காலத்தில் லண்டனில் இருந்து 'போர்ட்டர்' என்ற கருப்பு பீர் மரப் பீப்பாயில் கப்பல் ஏறி இந்தியாவுக்கு வந்தது. துரைமார்கள் வெளிர் நிற பீரை குடித்தார்கள். பட்டாளத்து சிப்பாய்களுக்கு போர்ட்டர்.

சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல்தான். அதற்கு முன்பு ஆப்பிரிக்காவை சுற்றிக் கொண்டு, மாதக்கணக்கில் கடலில் ஆடி ஆடித்தான் பீப்பாய் வந்து சேரும். மெட்ராசில் அப்போது துறைமுகமும் கிடையாது. துறைமுக வேலை 1870-களில்தான் தொடங்கியது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். சரக்கை கடலோர மக்கள் துடுப்பு போட்ட மசூலா படகில் அலை மேல் ஏற்றி கரைக்கு கொண்டு வந்தார்கள். ஆணி அடிக்காமல் கயிறு போட்டு தைத்த படகு அது. ஆணி அடித்த படகு இந்த அலையில் உடைந்து விடும்.

மசூலா படகு கட்டுவதற்கு இலங்கையின் திருகோணமலை பக்கத்து மரத்தை விரும்பி வாங்கினார்கள். சிங்களத்தில் ஹல்மில்ல என்று பெயர். இதே மரத்தில்தான் இலங்கையில் தென்னஞ்சாராயம் ஊற வைக்கும் பீப்பாய்களும் செய்தார்கள். படகுக்கும் பீப்பாய்க்கும் ஒரே மரம்!

அந்தக் காலத்தில் பீப்பாய் என்பது சரக்கு கொண்டு போகும் பாத்திரம் மட்டும்தான். மர வாசனை பீரில் ஏறினால் குறை என்று நினைத்தார்கள். இன்று அந்த வாசனைக்குத்தான் காசு.

பக்கத்தில் இலங்கை

தமிழ் பேசும் மக்கள் வாழும் மலையகத்திலும் ஒரு கருப்பு பீர் கதை உண்டு. நுவரெலியாவில் 1881-ல் தொடங்கிய பீர் ஆலையில் பிறந்ததுதான் 'லயன் ஸ்டவுட்'. ஆலை பிறகு கொழும்பு அருகே பியகமவுக்கு போய் விட்டது. இதில் 8.8 சதவீதம் ஆல்கஹால். இங்கிலாந்து பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (ஆடிப் பாடிய ஜாக்சன் அல்ல, இவர் வேறு) இதை பாராட்டி எழுதியதால் உலகம் பூரா பெயர் வாங்கியது. இது போர்பன் பீப்பாயில் ஊறுவது கிடையாது. ஆனால் கருப்பு பீரின் ருசி என்ன என்று கேட்பவர்களுக்கு, நமக்கு பக்கத்தில் இருக்கும் நல்ல உதாரணம் இது.

ருசி பார்ப்பது எப்படி?

இந்த பீரை தாகத்துக்கு குடிக்கிறதில்லை. தெரிந்தவர்கள் ஒரு பாட்டிலை நாலைந்து பேராக பிரித்து, ஆளுக்கு 100 மில்லி வைத்து ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள்.

1. ஐஸ் மாதிரி ஜில்லென்று குடித்தால் வாசனையே வராது. பிரிட்ஜில் இருந்து எடுத்து அரை மணி நேரம் கழித்து ஊற்ற வேண்டும். 10 முதல் 13 டிகிரி வரை சரியான பதம்.

2. சின்ன கண்ணாடி டம்ளரில் பாதி ஊற்றவும். பிளாஸ்டிக் கப் வேண்டாம். அதில் வாசனை கெடும். நுரை பழுப்பு நிறத்தில் கொஞ்சமாகத்தான் வரும். அது குறை இல்லை.

3. முதலில் மூக்கு. வறுத்த காபி கொட்டை, கருப்பட்டி, பேரீச்சம்பழம், வெனிலா, தேங்காய், கடைசியில் விஸ்கி வாசனை என்று ஒவ்வொன்றாக வரும்.

4. ஒரு வாய் எடுத்து நாக்கில் சுற்ற விட்டு மெதுவாக விழுங்க வேண்டும். முதலில் இனிப்பு, அப்புறம் கசப்பு, கடைசியில் நெஞ்சில் சின்ன சூடு. மூன்றும் சமமாக இருந்தால் நல்ல சரக்கு. சூடு மட்டும் தூக்கலாக இருந்தால் பக்குவம் பத்தவில்லை.

5. நடுநடுவே தண்ணீர் கட்டாயம். வெறும் வயிறு கூடவே கூடாது. தொட்டுக்க மிளகாய் தூள் போட்ட வறுவல் வேண்டாம். காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் நாக்கு எரியும், ருசி செத்துப் போகும். உப்பு போடாத வேர்க்கடலை, கடலை மிட்டாய் பொருத்தம்.

கெட்டுப் போனதை கண்டுபிடிப்பது எப்படி?

புளித்தால் கிருமி புகுந்து விட்டது என்று அர்த்தம். கூஸ் ஐலண்ட் கம்பெனிக்கே இது நடந்திருக்கிறது. 2015-ல் விற்ற பாட்டில்களில் சில புளித்துப் போனதால், 2016-ல் வாங்கியவர்களுக்கு பணத்தை திருப்பிக் கொடுத்தது. நனைந்த அட்டைப் பெட்டி வாசனை வந்தால் காற்று அதிகமாக பட்டிருக்கிறது. சோயா சாஸ் வாடை தூக்கலாக வந்தால் ரொம்ப பழசு.

சென்னை வெயில் இதற்கு எதிரி. சூட்டில் மது எந்த வேகத்தில் மாறும் என்பதற்கு பெங்களூரே சாட்சி. ஸ்காட்லாந்தில் பீப்பாயில் இருந்து வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேல் போய் விடும். பாட்டில் ஆவியாகாது என்றாலும், தகர கூரைக்கு அடியில் பீரோ மேல் வைத்த பாட்டில் சீக்கிரம் ருசி கெடும்.

ரோட்டில் உயிர் போகும்

நல்ல உடம்பு உள்ளவருக்கே ஒரு மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லி சுத்த ஆல்கஹாலைத்தான் ஈரல் முறிக்கும். 70 மில்லி முறிய 7, 8 மணி நேரம் ஆகும். காபியோ, மோரோ, குளியலோ இதை வேகப்படுத்தாது. ராத்திரி 11 மணிக்கு ஒரு முழு பாட்டிலை தனியாக முடித்தவர், காலை 6 மணி ஷிப்ட்டுக்கு பைக் எடுத்தால் அப்போதும் போதை பாக்கி இருக்கும்.

கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் எண்ணூர் விரைவு சாலையில் இது விளையாட்டு இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலை தாண்டினாலே மோட்டார் வாகன சட்டம் 185-வது பிரிவில் வழக்கு. 2019 திருத்தத்துக்கு பிறகு முதல் தடவைக்கே 10 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். அதே போதையோடு மெஷின் முன்னால் நின்றாலும், கிரேன் ஏறினாலும் கை கால் போகும்.

சர்க்கரை, பி.பி., ஈரல் நோய் உள்ளவர்களும், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ருசி பார்க்கிறேன் என்று கூட இதைத் தொடக் கூடாது. 21 வயது ஆகாதவர்களுக்கு தமிழ்நாட்டில் மது விற்பதே குற்றம்.

பாட்டில் எந்த நாட்டு சரக்காக இருந்தாலும் முதலில் படிக்க வேண்டியது பெயரை இல்லை, சதவீதத்தை. லேபிளில் 14 என்று போட்டிருந்தால் அது 'பீர் தானே' கிடையாது. நாலு பேர் பங்கு போட வேண்டிய சரக்கு.

மது உடல் நலத்துக்கு கேடு.