பூனைப் பெண்ணின் வழிமரபு

முதனூலின் கருத்தைத் தழுவி, பின்னவர் தமக்கு வேண்டிய வேறுபாட்டையும் சேர்த்துச் செய்வது வழிநூல் என்பர் நம் இலக்கண ஆசிரியர்கள். மொழிபெயர்ப்பையும் தொல்காப்பியம் வழிநூலின் ஒரு வகையாகவே கொள்கிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எமக்கு, இவ்விலக்கணம் திரைப்படத்துக்கும் பொருந்துவதாகத் தோன்றுகிறது. அதற்குச் சான்றாக, அமெரிக்கச் சித்திரக்கதையில் தோன்றிய ‘கேட்வுமன்’ என்னும் பூனைப் பெண்ணின் வரலாற்றைக் காண்போம்.

1940-ஆம் ஆண்டில், ‘பேட்மேன்’ ஏட்டின் முதல் இதழில், பாப் கேன், பில் ஃபிங்கர் ஆகிய இருவரின் படைப்பாக அவள் அறிமுகமானாள். அப்போது அவளுக்குப் பூனை உடை இல்லை. கிழவியாக மாறுவேடம் பூண்டு, உல்லாசப் படகொன்றில் கழுத்தணி திருடிய கள்ளி அவள். பிடிபட்டவளைப் பேட்மேன் வேண்டுமென்றே தப்பவிடுகிறான். அவள் தண்டனைக்குரியவளா, இரக்கத்துக்குரியவளா என்னும் வினா அன்றே பிறந்துவிட்டது. பின்வந்தோர் அனைவரும் விடை கூற வேண்டிய வினா அதுவே.

1954-இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் சித்திரக்கதைகளுக்குக் கடுமையான ஒழுக்க விதிகளை வகுத்துக்கொண்டனர். அவ்வாண்டிலேயே அவள் ஏடுகளிலிருந்து மறைந்தாள். 1966-இல் அவளை மீட்டுத் தந்தது தொலைக்காட்சி. ஏட்டில் ஊதா ஆடை உடுத்தியிருந்தவளுக்கு ஜூலி நியூமார் பளபளக்கும் கறுப்பு உடையைத் தந்தார். அதே ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தில் லீ மெரிவெதரும், 1967-இல் தொலைக்காட்சித் தொடரில் எர்தா கிட்டும் அப்பாத்திரத்தை ஏற்றனர். பூனை போல் உறுமும் குரல் எர்தா கிட்டின் கொடை.

1992-இல் இயக்குநர் டிம் பர்ட்டன் அக்கறுப்பு உடையை விடாது பற்றிக்கொண்டார். ஆயின், அதைக் கிழிசலும் தையலுமாகக் காட்டினார். மிஷேல் ஃபைஃபர் ஏற்ற செலீனா கைல் ஓர் அலுவலகச் செயலாளர். முதலாளி அவளைச் சாளரத்தின் வழியே தள்ளிவிட, பூனைகள் சூழ உயிர்த்தெழுகிறாள். கள்ளியாய்ப் பிறந்தவள் இங்கே அநீதிக்கு ஆளானவள் ஆனாள்.

2004-இல் ஹாலி பெரி நடித்த படம் அச்சாவையும் உயிர்ப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டது. அதில் செலீனா என்னும் பெயர் இல்லை, பேட்மேன் இல்லை, பழைய வினாவும் இல்லை. அவ்வாண்டின் மிக மோசமான படம் என்னும் கேலிப் பரிசே அதற்குக் கிடைத்தது. நிகழ்ச்சியைக் கடன் வாங்கி உயிரை விட்டுவிட்டால் வழிநூல் நில்லாது என்பதை அது காட்டிற்று.

2012-இல் கிறிஸ்டோபர் நோலன் மூலத்துக்கே திரும்பினார். ஆன் ஹாத்வே ஏற்ற செலீனா முத்துமாலை திருடும் கள்ளியாகவே நுழைகிறாள். பழைய நடிகை ஹெடி லமாரைத் தாம் கருத்தூன்றிப் பார்த்ததாக ஹாத்வே கூறியுள்ளார். 2022-இல் ஸோயி கிராவிட்ஸின் குட்டைக் கூந்தலும், தோழியைக் காக்கத் துடிக்கும் பரிவும், ஃபிராங்க் மில்லர் 1987-இல் எழுதிய கதையை நினைவூட்டுகின்றன.

உடையும் குரலும் கை மாறலாம். அவளை நாம் எவ்வாறு தீர்ப்பளிப்பது என்னும் வினாவைப் பேணியவரே மரபைப் பேணினர். பிறமொழிச் சூழலில் நம் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்ல முனையும் நாமும் இதனைக் கருதுதல் நன்று.